தேனிப்பூவுக்கு மூண்டு கள்ளர்

நவரட்ணம் அண்ணை ஒரு நாளைக்கு ஒன்பது புளுகு புளுகுவார். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாதபடியால் பதினெட்டு. ஆனால் ஆள் தங்கம். கனடாவில, ஸ்காபுறோ மல்வேர்னில எங்கட ரவுன்ஹவுஸ் வரிசையில ஆரின்ர கார் ஸ்ராட் வராட்டிலும், சாரத்துக்கு மேல விண்டர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து தள்ளுவார். தள்ளி முடிய, ஊரில தான் தனியா ஒரு லொறியைத் தள்ளின கதை வரும். நான் முதல் கேட்டபோது அந்த லொறியில இருபது மூட்டை சீமெந்து இருந்தது. கடைசியாக் கேக்கேக்க ஒரு யானையும் ஏறி நிண்டது.

ஊரில மனுசன் சங்கக்கடை மனேச்சர். மண்வெட்டி வித்திருக்கிறாரே ஒழியப் பிடிச்சதில்லை. இஞ்ச வந்து ஒஷாவாவில கார்ச் சாமான் செய்யிற பக்ரறியில பின்னேர ஷிவ்ற். ஆனால் பின்வளவில ரண்டு கட்டில் அகலத்துக்கு மண்ணைக் கண்டவுடன ஆள் பரம்பரை விவசாயி ஆகிட்டார். எங்களுக்கெல்லாம் உரம் பற்றி வகுப்பெடுப்பார்.

அவற்ற மனுசி ஜெயமலர் அக்கா. அண்ணை நூறு சொல்லுச் சொன்னால் அக்கா ஒரு சொல்லுச் சொல்லுவா. அந்த ஒண்டு நூறையும் வெட்டி விழுத்தும்.

தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டுக் கோடையில அண்ணை பூசணி போட்டவர். கொடியெண்டால் கொடி. வேலியில ஏறி, கரண்ட் மீற்றரைச் சுத்தி, என்ர சைக்கிளையும் கட்டிப் பிடிச்சிட்டுது. விட்டிருந்தால் பஸ் ஏறி ஸ்காபுறோ ரவுன் சென்ரருக்குப் போயிருக்கும். பூவும் மஞ்சளா, புனல் புனலாப் பூத்தது. காய் மட்டும் ஒண்டும் இல்லை. பிஞ்சு கோலிக்குண்டு அளவில வரும், பழுக்கும், விழும்.

"கண்ணூறு" எண்டார் அண்ணை. ஒரு பழைய பூட்சைக் கட்டித் தூக்கினார். சட்டியில கண்ணும் பல்லும் கீறிக் கவிட்டார். அதைப் பாத்துப் பயந்தது தபால்காரன் ஒருத்தன் தான்.

அண்ணையின்ர ஒருபக்க வேலிக்கு அங்கால நான், மற்றப்பக்க வேலிக்கு அங்கால வேரோனிக்கா அக்கா. பாசையூர் ஆள். பூக்கண்டு விக்கிற ஒரு நேர்சறியில வேலை, அதால செடி கொடியளைப் பற்றி அவவுக்குத் தெரியாதது ஒண்டுமில்லை. அவ ஒரு நாள் வேலிக்கு மேலால எட்டிப் பாத்தா.

"நவரட்ணம் அண்ணை, உது கண்ணூறும் இல்லை, காலூறும் இல்லை. உங்கட வளவுக்குத் தேனி வாறேல்லை."

"தேனி ஏன்? நான் தண்ணி ஊத்துறன், உரம் போடுறன்."

"ஆண்பூவில இருக்கிற மா பெண்பூவில போய் ஒட்ட வேணும். நீங்களே கொண்டுபோய் ஒட்டப் போறியள்? தேனி தான் கலியாணத் தரகர். இந்த வரிசையில பச்சையாக் கிடக்கிறது புல்லும் கார்பேஜ் பாக்கும் தான். தரகர் என்னத்துக்கு இஞ்சால வாறது?"

அந்தச் செப்ரெம்பரில வேரோனிக்கா அக்கா தன்ர நேர்சறியில இருந்து மூண்டு வேர்க்கட்டி கொண்டுவந்து தந்தா. இங்கிலீசுப் பேர் பீ பாம். அந்தப் பேரைத் தமிழ்ச் சனத்துக்கு முன்னால சத்தமாச் சொல்ல ஏலாது எண்டபடியால் நாங்கள் தேனிப்பூ எண்டு பேர் வைச்சிட்டம். இலையைக் கசக்கினால் கற்பூரவள்ளியும் தோடம்பழத் தோலும் சேந்த மணம். தண்டு உருண்டையில்லை, நாலு மூலை. பெட்டி அடிக்கிற ஆசாரி செய்தமாதிரி.

"நல்ல வெயில் படுற இடத்தில, ஒண்டுக்கொண்டு ஒண்டரை அடி தள்ளி வையுங்கோ. தண்ணியை அடியில ஊத்துங்கோ, தலையில ஊத்தாதேங்கோ" எண்டா.

நவம்பரில எல்லாம் கருகி மண்ணோட மண்ணாப் போச்சு. அண்ணை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிஞ்சார். செத்த வீட்டுக்குப் போறமாதிரி நான் போய்த் துக்கம் விசாரிச்சன். வேரோனிக்கா அக்கா வேலிக்கு மேலால, "சாகேல்லை, நித்திரை. ஒருக்கா வைச்சால் வருசா வருசம் தானா எழும்பும்" எண்டா.

எழும்பினது தான். மே மாசம் பனி போன கையோட மூண்டு கட்டி இருந்த இடத்தில முப்பது முளை. புதினாவின்ர சொந்தக்காரன் எல்லே, மண்ணுக்குக் கீழால ஓடுற ஓட்டத்துக்கு நாலு நாளில கட்டில் அளவு. அண்ணை இரவில படுக்கேக்க அது ஓடுற சத்தம் தனக்குக் கேக்குது எண்டார்.

அந்த நேரம் பாத்துத் தான் மார்க்கம் எண்ட ரவுனில இருந்து போன் வந்தது. ஜெயமலர் அக்காவின்ர தமையன் சபாநாதன். தனிவீடு வாங்கிட்டாராம், ரண்டு கார் நிப்பாட்டுற கராஜாம், செப்ரெம்பரில ஆவணி முடியமுதல் குடிபூரலாம். நான் அண்ணையின்ர குசினியில இருந்து ரீ குடிச்சுக்கொண்டு ஒரு பக்கத்துக் கதையைக் கேட்டன்.

"மச்சான், நீ ஒண்டுக்கும் யோசியாத. வாசலில உடைக்கிற பூசணிக்காய் என்ர பொறுப்பு. கடைக் காய் உன்ர வீட்டு வாசலை மிதிக்கப்படாது. என்ர தோட்டத்துக் காய், ஒரு ஆள் தூக்கேலாது, ரண்டு பேரை விடு."

சபாநாதன் சிரிச்ச சிரிப்பு போனுக்கால எனக்கே கேட்டது. பிறகு என்னமோ சொன்னார். அண்ணையின்ர முகம் ஒருமாதிரிப் போச்சு.

"என்னவாம்?" எண்டா அக்கா.

"காய் கொண்டு வராட்டில் குடிபூரல் அண்டைக்கு முழுநாளும் நான் வாய் திறக்கப்படாதாம். நானும் சரியெண்டு சொல்லிட்டன்."

அக்கா பாத்திரம் கழுவினதை நிப்பாட்டிப்போட்டு, உதட்டைக் கடிச்சுக்கொண்டு கொடுப்புக்குள்ள ஒரு சிரிப்புச் சிரிச்சா. இருநூறு பேர் வாற குடிபூரல். இருநூறு புதுக் காது. அதில வாய் திறக்காமல் இருக்கிறதெண்டால் நவரட்ணம் அண்ணைக்கு மூச்சு விடாமல் இருக்கிறமாதிரி. மனுசன் பயந்திட்டார். அண்டைக்கே நாலு பூசணி விதை போட்டார்.

யூலை பிறக்கத் தேனிப்பூ பூத்தது. என்ன சிவப்பு எண்டு நினைக்கிறியள். தீயணைக்கிற லொறியை மண்ணில நட்டமாதிரி. ஒவ்வொரு பூவும் தலை இழுக்காத விசரன்ர குடும்பி மாதிரி நாலு பக்கமும் சிலும்பிக்கொண்டு நிண்டது. முதல்நாள் நாலு தேனி வந்தது. ரண்டாம் நாள் கொய்யாக்காய் அளவில மயிர் முளைச்ச கருவண்டுகள். தேன்சிட்டு ஒண்டு கூட வந்து அந்தரத்தில நிண்டு குடிச்சிட்டுப் போச்சு. அண்ணை கதிரை போட்டுக்கொண்டு, வந்தவையை எண்ணினார்.

மூண்டாம் நாள் விடியப் பாத்தால் பாதிப் பூ இல்லை. ஐஞ்சாம் நாள் ஒரு பூவும் இல்லை, மொட்டு மட்டும். காலமை வந்த தேனி ஒரு சுத்துச் சுத்திப் பாத்திட்டு, கடை பூட்டெண்டு திரும்பிப் போச்சு. பூசணிப் பிஞ்சு ரண்டு பழுத்து விழுந்தது.

"முயல்" எண்டார் அண்ணை.

"ஓம் அண்ணை, முயல் தான்" எண்டன் நான், கொஞ்சம் கெதியா.

மிளகாய்த்தூள் போட்டார், நிக்கேல்லை. பிறகு ஒரு நாள், "வாகீசன், நாளைக்கு விடிய வெள்ளன வா. காவல் இருப்பம். கள்ளனைக் கையோட பிடிக்க வேணும்" எண்டார். எனக்குப் போக மனமில்லை. ஆனால் மாட்டன் எண்டால் சந்தேகம் வரும். போனன்.

பாபிக்கியூ அடுப்புக்குப் பின்னால ரண்டு பேரும் குந்தினம். மொட்டை வெளிச்சம் அடிக்கும் எண்டு அண்ணை யூலை மாசத்தில விண்டர்த் தொப்பி போட்டிருந்தார். கையில கிறிக்கெற் மட்டை.

ஐஞ்சரை போல பின்கதவு சத்தமில்லாமல் விலகினது. வந்தது முயல் இல்லை. தலை முழுகி, துவாயால தலையைச் சுத்திக் கட்டிக்கொண்டு, ஒரு கையில தட்டம், மற்றக் கையில கத்தரிக்கோல். ஜெயமலர் அக்கா. தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டு கிளிக், கிளிக், கிளிக். அண்ணையின்ர வாய் கராஜ் கதவு மாதிரித் திறந்தது. நான் கையால பொத்தினன்.

அது முடியேல்லை. வேலிக்கு மேலால ஒரு கை வந்தது. கண்டைத் தந்த அதே கை.

"மலர், எனக்கு ரண்டு மாதாவுக்கு. ஒண்டு அந்தோனியாருக்கு" எண்டா வேரோனிக்கா அக்கா.

"எடும். ஆனால் கீழ நிக்கிறதை விடும். அது வாகீசன் வந்து பிடுங்கிறவன். தேத்தண்ணியில போடுறவனாம்."

அண்ணை என்ர கையை மெதுவாத் தன்ர வாயில இருந்து எடுத்தார். மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தார். கிறிக்கெற் மட்டையையும் பாத்தார். அண்டைக்கு நான் வேலி பாஞ்ச பாய்ச்சலை ஒலிம்பிக்கில பாஞ்சிருந்தால் கனடாவுக்கு ஒரு தங்கம்.

எட்டு மணிக்குக் குசினியில விசாரணை. அண்ணை நீதவான். நாங்கள் மூண்டு பேரும் கூண்டில நிக்கிற எதிரியள்.

"வேரோனிக்கா, தேனி வேணுமெண்டு சொல்லிக் கண்டு தந்ததே நீர்."

"மூண்டு பூத் தானே எண்டு நினைச்சன் அண்ணை."

"நானும் மூண்டு தான்" எண்டன். "இருமலுக்கு. இஞ்சியோட போட்டால் உடன கேக்கும்."

நாங்கள் ரண்டு பேரும் ஆளுக்கு மூண்டு பூத் தானே எண்டு நினைச்சது. ஜெயமலர் அக்கா தட்டத்தை எண்ணினதில்லை. சாமி அறையில ஒன்பது படம், படத்துக்கு ரண்டு.

"சாமிக்கு வைக்காத பூ முற்றத்தில ஏன் பூக்குது?" எண்டா அக்கா.

"தேனிக்கு. தேனி பூசணிக்கு. பூசணி எனக்கு. அது காய்க்காட்டில் செப்ரெம்பரில நான் ஒரு நாள் முழுக்க வாய் திறக்கேலாது, தெரியுமே?"

"அப்ப நான் பூப் பிடுங்கிறது தான் நல்லது."

வேரோனிக்கா அக்கா ரீயைத் துப்பிப்போட்டா. நான் மேசைக்குக் கீழ விழுந்த சாமானைத் தேடினன், ஒண்டும் விழேல்லை.

சிரிப்பு அடங்கினபிறகு தான் அக்கா வடிவா ஒரு கதை சொன்னா. அவ அவ்வளவு நீளமாக் கதைச்சு நான் கேட்டதில்லை. "வருசத்தில ஆறு மாசம் பிளாஸ்ரிக் பூத் தான் வைக்கிறன். அதுவும் டொலர் கடையில வாங்கினது. பிள்ளையாருக்கு அது பிளாஸ்ரிக் எண்டு தெரியாதே? ஒவ்வொரு நாளும் விளக்குக் கொளுத்தேக்க வெக்கமாக் கிடக்கும். இப்ப என்ர முற்றத்தில சிவப்புப் பூ பூக்குது. அதையும் வைக்கப்படாது எண்டால்?"

அண்ணை எழும்பினார். மட்டையைக் கொண்டுபோய் அலுமாரிக்குள்ள வைச்சார்.

ரண்டு நாள் இப்பிடிப் போச்சு. பூ பிடுங்குப்படேல்லை, கறியில உப்பும் போடுப்படேல்லை. மூண்டாம் நாள் காலமை அக்கா பின்கதவைத் திறந்து வந்தா. கையில தட்டம் இல்லை. பிள்ளையார் இருந்தார், கண்ணாடிச் சட்டத்தோட.

"பூவை உள்ள கொண்டு போகப்படாது. ஆளை வெளிய கொண்டு வரலாம் எல்லே" எண்டா.

பால் பெட்டி ஒண்டைக் கவிட்டு, தேனிப்பூப் பாத்திக்கு நடுவில பிள்ளையாரை இருத்தினா. சுத்தி நூறு பூ. ஒண்டும் பிடுங்கேல்லை, எல்லாம் அவருக்குத் தான். அரைமணித்தியாலத்தால வேலிக்கு மேலால மாதாவும் இறங்கி வந்தா. அவவுக்கு இன்னொரு பால் பெட்டி. எனக்கு ஒரு சாமியும் இல்லாதபடியால் தேத்தண்ணிக் கோப்பையோட பக்கத்தில போய் நிண்டன். அண்ணை துரத்திவிட்டார்.

அதுக்குப் பிறகு தேனிப் பட்டாளம் தான். விடிய ஆறு மணிக்கே ஷிவ்ற் தொடங்கிடும். பிள்ளையாரை ஒரு சுத்து, மாதாவை ஒரு சுத்து, பிறகு பூசணிப் பூவுக்குள்ள தலைகீழா இறங்கி, மஞ்சள் மாவைப் பூசிக்கொண்டு, கலியாண வீட்டில கூடக் குடிச்ச மாமா மாதிரி ஆடி ஆடி வெளிய வரும். பிரச்சினை ஒருக்காத் தான் வந்தது. வெள்ளிக்கிழமை எண்டு அக்கா பாத்திக்குள்ள சாம்பிராணி போட்டா. அந்தப் புகைக்குத் தேனி எல்லாம் கூண்டோட ஓட்டம். அண்ணை பக்ரறியில பழகின மாதிரி ஒரு காட்போட் மட்டையில புகைக்கக் கூடாது எண்டு படம் கீறி நட்டுவிட்டார். அக்கா அதுக்கும் ஒரு பொட்டு வைச்சா.

யூலைக் கடைசியில தேனிப்பூ இலையெல்லாம் வெள்ளையாப் பூத்தது. அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினா.

"பாத்தியே, பிள்ளையார் வந்து இருந்தபிறகு செடி தானாத் திருநீறு பூசுது."

எனக்கும் மேல் புல்லரிச்சுது. நெத்தியில கொஞ்சம் எடுத்துப் பூசினன். வேரோனிக்கா அக்கா வேலையால வந்து பாத்தா.

"வாகீசன், நெத்தியைக் கழுவு. அது பூஞ்சணம். நவரட்ணம் அண்ணை பின்னேரத்தில தலையில தண்ணி அடிக்கிறவர் என்ன?"

அடிச்சவர் தான். லீவு நாளில ஹோஸ் பைப்பைத் தூக்கி மழை மாதிரி அடிச்சு, அதுக்குள்ள வானவில் பாக்கிறது அவருக்கு ஒரு சந்தோசம். வேரோனிக்கா அக்கா நெருக்கமா நிண்ட தண்டுகளை அடியோட வெட்டிக் காத்துப் போக விட்டா, கெட்ட இலையைப் பாக்கில கட்டி எறிஞ்சா. பிள்ளையாருக்கும் மூச்சு வந்தது.

பூசணிப் பிஞ்சு ஒண்டு தங்கினது. தேசிக்காய் அளவு, தோடம்பழம் அளவு, தேங்காய் அளவு. அண்ணை தையல்காரன்ர நாடாவால காலமை ஒருக்கா, வேலைக்குப் போகமுதல் ஒருக்கா சுத்தளவு எடுப்பார். ஈரம் படாமல் கீழ ஒரு பலகை. அணிலுக்கு ஒரு வலை. ஓகஸ்ற் கடைசியில இரவு குளிரத் தொடங்க, தன்ர கம்பளி ஸ்வெற்றரை எடுத்துப் போத்தி, கையை முன்னால முடிச்சுப் போட்டுவிட்டார். தூரத்தில நிண்டு பாத்தால் கழுத்தில்லாத ஒரு ஆள் தோட்டத்தில இருந்து யோசிக்கிறமாதிரிக் கிடக்கும். பக்ரறியில பிரேக் நேரத்தில போன் எடுத்து, "எப்பிடி இருக்குது?" எண்டு கேப்பார். ஜெயமலர் அக்கா, தன்னைத் தான் கேக்கிறார் எண்டு முதல் ரண்டு தரம் பதில் சொன்னவ.

குடிபூரலுக்கு முதல்நாள் பாத்றூம் தராசில வைச்சம். பத்தொன்பது இறாத்தல். அண்ணை முப்பது எண்டார். நான் நாப்பது எண்டன். அது எங்கட வரிசையில வழமை.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கத்துக்குப் போற வானில பூசணிக்காய் முன் சீற்றில, பெல்ற் போட்டு. அக்காவும் நானும் பின்னுக்கு. சபாநாதன் வாசலில நிண்டவர். காயைக் கண்டவுடன ஆளின்ர சிரிப்பு நிண்டுபோச்சு. எனக்குக் கண் கூர்மை, கராஜுக்குள்ள துணியால மூடி ஒரு கடைப் பூசணிக்காய் கிடந்ததைக் கண்டன். மச்சான் அண்ணையின்ர சொல்லை நம்பேல்லை.

"உது உண்மையாவே உன்ர தோட்டத்துக் காய்?" எண்டார் சபாநாதன்.

"கேள் மச்சான், கேள். இண்டைக்கு முழுக்கக் கதைக்கப் போறன். நீ காது குடுத்தாக் காணும்" எண்டார் அண்ணை. அந்த நேரம் அவற்ற நெஞ்சைப் பாத்திருக்க வேணும். றைவ்வேயில ரண்டு கார் நிக்கிற இடம் அதுக்குக் காணாது.

ஐயர் மந்திரம் சொன்னார். காயில ஓட்டை போட்டுக் குங்குமம் விட்டினம். மேல கற்பூரம் கொளுத்தினம். சபாநாதன் ரண்டு கையாலயும் தூக்கி, வீட்டை மூண்டு சுத்துக் காட்டினார். அப்பத் தான் நான் அண்ணையைத் திரும்பிப் பாத்தன். மனுசன்ர கை தானா முன்னால போகுது, விழுகிற பிள்ளையைப் பிடிக்கப் போறமாதிரி.

"இஞ்சேருங்கோ" எண்டா அக்கா, மெதுவா. "கையை எடுங்கோ. உடைக்கத் தானே கொண்டு வந்தனாங்கள்."

கையை எடுத்தார்.

காய் நிலத்தில பட்டுச் சிதறினது. நல்ல உடைவு. குங்குமமும் விதையும் சபாநாதன்ர புதுக் கார் வரைக்கும் போச்சுது. எல்லாரும் கை தட்டினம். பிறகு ஒவ்வொருத்தரா அண்ணையைச் சுத்திச்சினம். எப்பிடி வளத்தனீங்கள், என்ன உரம், எந்த விதை. இருநூறு பேர், இருநூறு புதுக் காது. அண்ணை வாயைத் திறந்தார். மூடினார். திருப்பித் திறந்தார். ஒரு சொல்லும் வரேல்லை. கண்ணை மட்டும் ரண்டு தரம் துடைச்சுப்போட்டு, கற்பூரப் புகை எண்டு கையால காட்டினார். கற்பூரம் எப்பவோ நூந்து போச்சு.

அப்ப ஜெயமலர் அக்கா தொண்டையைச் செருமினா.

"அது வந்து" எண்டா. "நாங்கள் முதல்ல பாத்தியில பிள்ளையாரைக் கொண்டுபோய் இருத்தினனாங்கள்."

பிறகு என்ன. சோறு போடேக்க தொடங்கின கதை பாயசம் முடிஞ்சும் முடியேல்லை. தேனி எல்லாம் வரிசையில வந்து பிள்ளையாரைக் கும்பிட்டதாம். மாதா ஒரு கருவண்டோட கதைச்சவவாம். பூசணிக்காய் ஐம்பது இறாத்தலாம். தன்ர தங்கச்சி அவ்வளவு கதைப்பா எண்டு சபாநாதனுக்குத் தெரியாது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வாய் பாத்தார். அண்ணை ஒரு மூலையில இருந்து, ஒவ்வொரு புளுகுக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிக்கொண்டு, மனுசியை நேற்றுத் தான் கண்டவர் மாதிரிப் பாத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரேக்க இருட்டுப்பட்டிட்டுது. அக்கா முன் சீற்றில, கதைச்ச களைப்பில நித்திரை. ஸ்ரீல்ஸ் அவெனியூ தாண்டேக்க, காய் உடைஞ்சபிறகு முதல் தரமா அண்ணை வாய் திறந்தார்.

"வாகீசன், மச்சான்ர வீட்டு முன் புல்லைப் பாத்தனியே? ஒரு பூ இல்லை. நாள் முழுக்க வெயில்."

"ஓம் அண்ணை."

"வசந்தம் வர ஒரு வேர்க்கட்டி கிண்டிக் குடுப்பம். ஒரு சின்னக் கட்டி."

"அது புல்லு முழுக்க ஓடிடும் எல்லே?"

"ஓடட்டும்" எண்டார் அண்ணை. "அவரிட்டத் தான் அதை நிப்பாட்ட ரண்டு கார்க் கராஜ் கிடக்குதே."

கண்ணை மூடினபடி ஜெயமலர் அக்கா கொடுப்புக்குள்ள சிரிச்சா.